இரண்டு மணிப் பால், ஈவ்லின் ப்ரீர்

அக்டோபர் 24

இரவு 2.20. பால் குடித்தாயிற்று, ஏப்பமும் விட்டாயிற்று. ஆனாலும் கீழே போட்டால் பேரன் முழித்துக்கொள்கிறான். மடியிலேயே போட்டுக்கொண்டு செல்போனை எடுத்தேன். சத்தம் வைக்க முடியாது. காதில் செருகிக்கொள்கிற குமிழ் எனக்கு ஒத்துவருவதில்லை. சத்தமே இல்லாத படமாக இருந்தால் தேவலை என்று தேடினேன். 1920ஆம் வருஷத்துப் படம் ஒன்று வந்தது. ‘விதின் அவர் கேட்ஸ்’. அதில் ஒரு கறுப்பின டீச்சர்.

பத்து நிமிடம்தான் பார்த்தேன். அப்புறம் நானே தூங்கிவிட்டேன் போல.

அக்டோபர் 25

பூண்டுக் குழம்பு தாளித்ததற்கு வீடே அலறியது. கூரையில் இருக்கிற புகைக்கருவிக்குக் கடுகு வெடிப்பதும் வீடு பற்றி எரிவதும் ஒன்றுதான். மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி அதற்குத் துண்டால் விசிறினார்.

அக்டோபர் 27

படத்தில், தெற்கே, மிசிசிப்பியில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள், பணம் இல்லை. 5,000 டாலர் வேண்டும். டீச்சர் சில்வியா பணம் திரட்ட பாஸ்டனுக்குப் போகிறாள். தெருவில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்க் காரில் அடிபடுகிறாள். அந்தக் காரின் சொந்தக்காரி ஒரு பணக்கார அம்மாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்கிறாள்.

முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கழிப்பறைக்குக் கதவு போட நன்கொடை நோட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். பணம் கேட்கப் போகிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. கெஞ்சவில்லை. கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்கிறாள்.

நடித்தவர் பெயர் ஈவ்லின் ப்ரீர்.

அக்டோபர் 28

கழுத்து நிற்காத பிள்ளையை அந்த டாக்டர் ஒரு கையால் தூக்குகிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உரை மருந்து கொடுக்கக் கூடாதாம். சரி.

அக்டோபர் 30

பார்த்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டேன். கடைசிப் பகுதி. சில்வியாவின் பழைய கதை வருகிறது. அவளை எடுத்து வளர்த்த அப்பா குத்தகை விவசாயி. பண்ணைக்காரன் எழுதிவைத்ததுதான் கணக்கு, சொன்னதுதான் கடன். இந்தப் பெண் படித்தவள். அப்பாவுக்காக உட்கார்ந்து வரவு செலவு எழுதிக் கொடுக்கிறாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் கணக்குத் தீர்க்கப் போகிறார். அங்கே ஜன்னல் வழியாக வேறு எவனோ பண்ணைக்காரனைச் சுட்டுவிடுகிறான். பழி இவர் தலையில். ஊரே கயிற்றோடு கிளம்புகிறது.

கயிறு வந்ததும் நிறுத்தினேன். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டாம்.

ஒரு பெண் கூட்டிக் கழித்து எழுதிய ஒரு தாள்.

நவம்பர் 1

எதிர்வீட்டுத் தெலுங்குப் பெண்ணை இங்கே உட்காரச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையும் நானும் ஊருக்குள் போனோம். அவருடைய தம்பி சிகாகோவில் எம்.எஸ். படிக்கிறான். பருப்புப் பொடி, ஊறுகாய், தட்டை எல்லாம் அவனுக்கு. கல்லூரி வாசல் இருக்கிற தெருவின் பெயர்ப் பலகையில் ஸ்டேட் என்று போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மாப்பிள்ளை, 3145 எங்கே வரும்?”

“யார் வீடு அத்தை அது?”

யார் வீடும் இல்லை. வெண்டோம் என்ற தியேட்டர். 1920 ஜனவரியில் அந்தப் படத்தை அங்கேதான் போட்டார்கள். பின்னால் லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் ஊதியதும் அங்கேதான். இப்போது கல்லூரி வளாகம். புல்வெளி, சைக்கிள் நிறுத்துமிடம், காதில் குமிழ் வைத்த பையன்கள்.

படம் வருவதற்கு ஆறு மாதம் முன்னால், 1919 ஜூலையில், பக்கத்து ஏரிக்கரையில் ஒரு பையன் மிதந்துகொண்டே வெள்ளைக்காரர்கள் குளிக்கிற பக்கம் போய்விட்டான். தண்ணீரில் கோடா போட்டிருக்கிறது? கல்லால் அடித்தார்கள், மூழ்கிவிட்டான். யூஜீன் வில்லியம்ஸ், 17 வயது. ஊர் பற்றிக்கொண்டது. 38 பேர் செத்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் கயிறும் கொலையும் இருக்கிற படமா என்று தணிக்கைக் குழு முதலில் மறுத்துவிட்டது. இரண்டாம் தடவை போட்டுக் காட்டிய பிறகு விட்டார்கள். கறுப்பினப் பாதிரிகளிலேயே சிலர் வேண்டாம் என்றார்களாம். அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது.

ஈவ்லினுடைய முதல் படம் ‘தி ஹோம்ஸ்டெடர்’, 1919 பிப்ரவரி. தியேட்டரில் இல்லை, எட்டாவது ரெஜிமென்ட் என்ற கறுப்பின வீரர்களின் படைக்கொட்டடியில் போட்டார்கள். அந்தக் கட்டடம் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடம். காரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்குள் வீடு திரும்பிவிட்டோம். பால் கட்டிக்கொண்டு மகள் அழுதுகொண்டிருந்தாள்.

நவம்பர் 2

குளிர். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 3

பால்சுறா கிடைக்குமா என்று மூன்று கடையில் கேட்டாயிற்று. இல்லை.

நோட்டில் எழுதிப் பார்த்தேன். ‘விதின் அவர் கேட்ஸ்’ எடுத்த டைரக்டர் மிஷோவோடு ஈவ்லின் செய்த படங்கள்: ஹோம்ஸ்டெடர், விதின் அவர் கேட்ஸ், தி ப்ரூட், கன்சாலஸ் மிஸ்டரி, டிசீட், பர்த்ரைட், டெவில்ஸ் டிசைபிள், கான்ஜர் உமன், ஸ்பைடர்ஸ் வெப். ஒன்பது. கையில் இருப்பது ஒன்று. மற்றதெல்லாம் போய்விட்டது. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட். தானாகவே தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் பிசினாகி அப்புறம் பொடியாகும். வெள்ளிக்காகக் கரைத்து எடுத்ததும் உண்டு.

ஆஸ்கர் மிஷோவும் லேசான ஆள் இல்லை. தெற்கு டகோட்டாவில் தரிசு உழுதவர். நாவல் எழுதி வீடு வீடாக விற்றவர். அதே மாதிரி படப் பெட்டியையும் ஊர் ஊராகச் சுமந்திருக்கிறார். ஊமைப் படக் காலத்தில் அவர் எடுத்ததில் மூன்றுதான் மிச்சம்.

நவம்பர் 4

பிள்ளைக்கு வைத்திருக்கும் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி. என் வீட்டுக்காரருக்குப் போனில் சொல்ல மூன்று தடவை தடுமாறினேன். “ராசா என்றே கூப்பிடு” என்கிறார். அவருக்கு எல்லாம் சுலபம்.

நவம்பர் 5

இன்று கோபம். ஈவ்லினுடைய குரல் இருக்கிறது என்று தெரிந்ததும் மத்தியானமே கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். ‘மெலங்கலி டேம்’, 1929. இரண்டு ரீல், பேசும் படம். அவரும் நிஜக் கணவர் எட்வர்ட் தாம்சனும் அதிலும் கணவன் மனைவி.

1923இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ‘சலோமே’ நடித்தவர். 1928இல் லாஸ் ஏஞ்சலீஸில் லஃபாயெட் ப்ளேயர்ஸ் குழுவோடு ‘ரெயின்’ நாடகத்தில் கதாநாயகி. அனிதா புஷ் 1915இல் தொடங்கிய குழு அது. கோமாளி வேஷம் இல்லை, வேலைக்காரி வேஷம் இல்லை, வெள்ளைக்காரர்கள் போடுகிற அதே நாடகங்களைக் கறுப்பினத்தவர் போட்டுக் காட்டினார்கள். அப்படிப்பட்டவருக்கு சினிமாவில் பேச்சு வந்ததும் கிடைத்தது, ஒரு வெள்ளைக்கார எழுத்தாளர் சிரிப்புக்காகச் சிதைத்து எழுதிய கொச்சை. நம் படங்களில் சில வட்டாரத்துப் பேச்சு வேலைக்காரர் வாயில் மட்டும் வருமே, அதைவிட மோசம். அவர் அதையும் சுத்தமாகச் செய்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ‘ப்ளாண்ட் வீனஸ்’, 1932. மார்லின் டீட்ரிச் நடித்த படம். ஈவ்லினின் பெயர் டைட்டிலில் இல்லை.

சத்தம் இல்லாமலே பார்த்திருக்கலாம்.

நவம்பர் 8

இவளுக்கு இருமல். வறட்டு இருமல்தான். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு.

நவம்பர் 9

ஈவ்லின் 1932 ஏப்ரலில் ஒரு பெண் குழந்தை பெற்றார். நவம்பர் 17 அன்று இறந்தார். இரட்டை நிமோனியா. 36 வயது.

இதை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நவம்பர் 10

101. போன் செய்தால் ஒரு நர்ஸ் எடுத்து, பால் கட்டினாலும் காய்ச்சல் வரும், மாத்திரை போட்டுவிட்டுப் பாருங்கள் என்கிறாள். “100.4 தாண்டினால் கூப்பிடுங்கள் என்று நீங்கள்தானே தாளில் எழுதிக் கொடுத்தீர்கள்?” என்று மாப்பிள்ளை கேட்டார். நல்ல மனிதர், குரலே உயர்த்தவில்லை. நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

நவம்பர் 11

102.6. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நானும் அவனும் வீட்டில்.

நவம்பர் 12

சேர்த்துக்கொண்டார்கள். இடது பக்கம் நிமோனியா. ஒரு பக்கம்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மாப்பிள்ளை படம் அனுப்பினார், அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

ஒரு பக்கம்தான்.

நவம்பர் 13

மருந்தின் பெயரை எழுதி அனுப்பச் சொன்னேன். செஃப்ட்ரையாக்சோன். கூட இன்னொன்று. மாப்பிள்ளைக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று புரியவில்லை.

1932இல் இது எதுவும் இல்லை. சல்ஃபா மருந்து கடைக்கு வந்தது 1935இல். பென்சிலினைக் கண்டுபிடித்தது 1928, ஆளுக்குக் கொடுக்கிற மருந்தாக ஆனது 1940களில். நடுவில் ஈவ்லின் மாட்டிக்கொண்டாள். மூன்று வருஷம். கழித்துப் பார்த்தால் வெறும் மூன்று.

எழுதத் தொடங்கும்போது அவர் என்றுதான் எழுதினேன். இப்போது அவள் என்று வருகிறது. 36 வயது. இவளுக்கு 33.

நவம்பர் 14

ராத்திரி முழுக்க அழுதான். டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லையா, அம்மா வாசனையைத் தேடுகிறானா? இவளுடைய பழைய நைட்டியை என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நாலு மணிக்குத் தூங்கினான். நைட்டியைத் துவைக்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டும்.

அந்தக் குழந்தையின் பெயர் எடீவ். எட்வர்டில் கொஞ்சம், ஈவ்லினில் கொஞ்சம். அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி. ஏழு மாதக் குழந்தை. யாருடைய துணியைத் தோளில் போட்டு யார் நடந்தார்களோ.

நவம்பர் 15

வீட்டுக்காரர் போனில் திருச்செந்தூருக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சாமியே கும்பிடாத மனிதர். அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

நவம்பர் 16

எடீவ் வளர்ந்து கன்னியாஸ்திரீ ஆனாள். சிஸ்டர் பிரான்செஸ்கா தாம்சன். பேராசிரியை. 1972இல் டாக்டர் பட்டத்துக்கு எழுதியது எதைப் பற்றி? லஃபாயெட் ப்ளேயர்ஸ். அப்பாவும் அம்மாவும் நடித்த அதே குழு. அப்பாவாவது 1960 வரை இருந்தார், கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். அம்மாவை ஆவணத்தில்தான் பார்க்க முடியும்.

அந்த ஒரே படமும் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. மட்ரிட்டில் ஆவணக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் கிடந்தது. நடுநடுவே வருகிற எழுத்து அட்டைகள் எல்லாம் ஸ்பானிஷ், நாலே நாலுதான் பழைய ஆங்கிலம். மிஷோவின் நாவல்களில் உள்ள நடையைப் பார்த்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதி, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1993இல் படத்தைச் சரிசெய்து வெளியிட்டது. அப்போது மகளுக்கு 61. எனக்கு இப்போது 61.

நடுவில் ஒரு துண்டு கிடைக்கவே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று ஒரு அட்டை போட்டுச் சொல்லிவிட்டு மேலே போகிறார்கள்.

நவம்பர் 17

இன்றைக்கு 17. எதுவும் எழுத மாட்டேன்.

நவம்பர் 18

குழாயை எடுத்துவிட்டார்கள். இட்லி கேட்டாளாம். இட்லி!

மாவு ஆட்டினேன். இந்தக் குளிரில் எங்கே பொங்கப் போகிறது, அவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். அவனுக்குள் இல்லை, அவனில். அதாவது அந்த மின்சார அடுப்புக்கு இங்கே அவன் என்றுதான் பெயர். மடியில் இருக்கிறவன் இல்லை.

நவம்பர் 19

நாளைக்கு விடுகிறோம் என்றவர்கள் இப்போது நாளை மறுநாள் என்கிறார்கள். இன்னும் ஒரு எக்ஸ்ரே. ஏன் இன்னும் ஒன்று? மாப்பிள்ளை, “வழக்கமானதுதான் அத்தை” என்கிறார். வழக்கமானது என்றால் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

மாவு பொங்கவில்லை.

நவம்பர் 20

இரவு 2.35. போனில் அவன் பெயரை அவருக்கு இன்று தடுமாறாமல் சொன்னேன். அவருக்குத்தான் காது கேட்கவில்லை.

படத்தை நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து போட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். விளக்கு வெளிச்சம், மேஜை, பென்சில். தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். இவள் பத்தாம் வகுப்பில் இப்படித்தான் உட்கார்ந்து