ஜாம் போத்தல் விளக்கும் காலிமுகத்திடலும்

பொருளாதார நெருக்கடியில் 2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு சிங்களக் குடும்பம். அம்மா அவர்களுக்கு ஜாம் போத்தலில் விளக்குச் செய்து கொடுத்தார். அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் பிடித்த திரி. "இதெல்லாம் எங்க பழகினது அக்கே?" என்று குழந்தையின் தாய், அந்த வீட்டுப் பிள்ளை, என்னைக் கேட்டாள்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாவற்றுக்கும் அரசாங்கம் தடை போட்டது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது; ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல். றேடியோ கேட்க சைக்கிள் டைனமோவைச் சுற்றினோம். நான் ஓ.எல். சோதனைக்குப் படித்தது ஜாம் போத்தல் வெளிச்சத்தில். அவள் இதில் ஒன்றையும் கேள்விப்பட்டதில்லை. கேட்டுவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தாள்.

அதன்பிறகு இரண்டு வீடும் ஒரு வீடு மாதிரித்தான். அவள் காஸ் வரிசையில் நிற்பாள், நான் பிள்ளையைப் பார்ப்பேன். சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு சனம் றோட்டிலேயே படுத்தது. எரிபொருள் வரிசையில் நின்று வயதானவர்கள் செத்தார்கள். யூலை 9 அன்று பெற்றோல் இல்லாத நாட்டில் சனம் ரயிலிலும் சைக்கிளிலும் நடந்தும் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடினார்.

ஆனால் எனக்குப் பெரிய நாள் மே 18. கோட்டாபயவைப் போகச் சொல்லி சனம் கூடாரம் போட்டிருந்த காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட சனம் குடித்த கஞ்சியின் நினைவு அது. வடக்கில் நினைவேந்தலுக்குப் பொலிஸ் கெடுபிடி பார்த்துப் பழகிய எனக்கு, ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் சிங்களப் பிள்ளைகள் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்ததை நம்ப முடியவில்லை. அழுதேன்.

தமிழாக்கள் எதையும் தாங்குவார்கள் என்று அப்போது சிலர் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ் வேண்டாம். தாங்கும்படி விட்டது யார் என்று கேட்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி அம்மாமார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் றோட்டோரம் குந்தினார்கள். காலிமுகத்திடலில் முதல் கூடாரம் போடும்போது அவர்களுக்கு ஐந்து வருசம் தாண்டிவிட்டது. கோட்டாவை அனுப்பிய அந்தக் கூட்டத்தில் ஒரு பங்காவது ஒருமுறை ரயிலேறி அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறாள்.