ட்ரையல்ஸ் வண்டிக்கு வெளிக் கம்பெனி சைலன்சர்: வாங்கும் முன் பழையதைப் பிரித்துப் பார்த்ததில்

ட்ரையல்ஸ் வண்டியில் (பாறை, கட்டைகளைக் கால் ஊன்றாமல் மெதுவாகக் கடக்கும் போட்டிக்கான பைக்) பின் சைலன்சருக்குச் சத்தம் அடக்கும் பஞ்சை மாற்றி, இன்ஜினிலிருந்து புகையைக் கொண்டுவரும் வளைந்த பெண்ட் பைப்பில் இருந்த கார்பனை எடுத்ததும் ஐடிலில் இருந்து பிக்கப் சுத்தமாக வந்துவிட்டது. வெளிக் கம்பெனி எக்ஸாஸ்ட் வாங்கும் யோசனை அதோடு தள்ளிப்போடப்பட்டது. ஒட்டுமொத்தமாகக் கைவிடவில்லை, எந்த வண்டிக்கு, எந்தப் பாகத்துக்கு அது பயன்படும் என்பது இப்போது தெளிவு, அவ்வளவுதான்.

முதலில் பவர் கணக்கு. டூ ஸ்ட்ரோக்கில் பைப் மாற்றினால் பவர் ஏறும் என்பது மோட்டோகிராஸ் வண்டிக்குச் சரி. புகையின் அழுத்த அலை பைப்பில் போய்த் திரும்பி, எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) மூடும் முன் வந்து சேர்ந்தால்தான் அந்தப் பவர். அந்தப் போர்ட் ஒரு சுற்றில் 160 டிகிரி திறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 9000 ஆர்.பி.எம்.மில் அது சுமார் 3 மில்லி வினாடி. சூடான புகைக்குள் அழுத்த அலை வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஓடும் என்றால் அந்த நேரத்தில் 1.5 மீட்டர் போகும். போய்த் திரும்பி வர முக்கால் மீட்டர் குழாய் போதும், அதை வண்டியில் வளைத்து வைத்துவிடலாம். ட்ரையல்ஸ் செக்‌ஷனில் (குறித்து வைத்த தடைப் பாதையில்) ஓடுவது 3000 ஆர்.பி.எம். பக்கம். அங்கே அதே 160 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 9 மில்லி வினாடி. இரண்டே கால் மீட்டர் குழாய் வேண்டும். எந்த ட்ரையல்ஸ் வண்டியிலும் அதற்கு இடமில்லை. ஆக, நாம் ஓட்டும் வேகத்தில் அலை விளையாட்டு பெரிதாக வேலை செய்வதே இல்லை. அங்கே முக்கியம் பைப்பின் கொள்ளளவும், புகை வெளியேறும் வழி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதும்தான். “டாப் எண்ட் ஏறும்”, அதாவது உயர்ந்த ரெவ்வில் பவர் கூடும் என்று விற்கப்படும் பைப் உண்மையிலேயே ஏற்றினாலும், அந்த ரெவ்வை நாம் தொடப்போவதில்லை. சத்தம் கூடியதைப் பவர் கூடியதாக எண்ணிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

அடைப்பு ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்கும் இதுவே விடை. பெண்ட் பைப்பின் கடைசி ஒடுங்கிய வழி 22 மி.மீ. என்று வையுங்கள். சுற்றிலும் 1 மி.மீ. கார்பன் படிந்தால் விட்டம் 20. பரப்பில் 17 சதவீதம் போய்விடும். ட்ரையல்ஸ் வண்டி பெரும்பாலும் லோடு இல்லாமல், குளிர்ந்த பைப்போடு ஓடுகிறது. பெட்ரோலும் எண்ணெயும் 80-க்கு 1 கலவையில், அதாவது லிட்டருக்கு 12.5 மி.லி. எண்ணெயில், எரியாமல் மிஞ்சுவதெல்லாம் பைப்பிலும், மிட் பாக்ஸிலும் (பைப்புக்கும் பின் சைலன்சருக்கும் நடுவே உள்ள பெட்டி), பஞ்சிலும் போய் உட்காரும். ஐடிலில் விட்டுவிட்டு அரட்டை அடிப்பது இதற்கு நல்ல உரம். அந்த நாள் ஓட்டம் முடியும்போது ஒரு பெரிய கியரில் நீளமாக இழுத்து ஓட்டி விட்டால் பாதி வெளியேறிவிடும்.

எஃகு பெண்ட் பைப்புக்குக் காஸ்டிக் சோடா போதும். லிட்டருக்கு 200 கிராம், சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. ஒரு முனையை அடைத்து, மறுமுனையைத் திறந்தே வைத்து, ராத்திரி முழுக்க ஊற விட்டு, நன்றாக அலசி, ஹாட் ஏர் கன்னில் காய வைக்க வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். வெளியே பெயின்ட் இருந்தால் அதுவும் போகும். அலுமினியத்தின் பக்கம் இந்தக் கரைசலைக் கொண்டுபோகவே கூடாது. உலோகத்தையே அரித்து ஹைட்ரஜன் வாயு கிளப்பும். மிட் பாக்ஸையும் சேர்த்து முக்கிவிடலாமே என்று தோன்றும், பல மாடல்களில் அது அலுமினியம்.

இனி பின் சைலன்சர். வேலையின் உயிரே இங்கேதான்.

எண்ட் கேப் ரிவெட்டை எடுப்பதில்தான் முதல் சேதாரம். ட்ரில் வைப்பதற்கு முன் நடு ஆணியைப் பஞ்ச் வைத்து உள்ளே தட்டிவிட வேண்டும்; இல்லையென்றால் பிட் வழுக்கி மெல்லிய கூட்டைக் கீறும். 4 மி.மீ. ரிவெட்டுக்கு 4 மி.மீ. பிட், 4.8-க்கு 4.8. தலை கழன்றால் போதும், துளையைப் பெரிதாக்க வேண்டாம். கேப் சிலிக்கோனில் ஒட்டியிருக்கும். சூடு காட்டி, மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் வரும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் விளிம்பு கோணிக்கொள்ளும், பிறகு எவ்வளவு சிலிக்கோன் போட்டாலும் கசியும்.

பழைய பஞ்சு தார் மாதிரி வரும். உள்ளே உள்ள சல்லடைக் குழாயில் ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துளை அடைத்திருந்தால் புதுப் பஞ்சு போட்டும் பயனில்லை, சத்தம் பஞ்சுக்குப் போகவே போகாது. டார்ச்சில் சுட்டு, கம்பி பிரஷ் போட்டால் எஃகுக் குழாய் சுத்தமாகும்.

பஞ்சு எவ்வளவு? கண்ணளவில் திணிக்காமல் எடை போட்டு வைப்பது நல்லது. நீள இழைக் கண்ணாடிப் பஞ்சுக்கு லிட்டருக்கு 100 முதல் 120 கிராம் சரியாக வருகிறது. கூட்டின் உள்விட்டம் 80 மி.மீ., குழாயின் வெளிவிட்டம் 30, நீளம் 200 என்றால் இடைவெளி 0.86 லிட்டர், ஏறத்தாழ 86 முதல் 104 கிராம் பஞ்சு. குறைத்துப் போட்டால் ஒரு பக்கமாகச் சரிந்து, காலியான இடத்தில் கூடு சூடேறி, தகர டப்பா சத்தம் வரும். கூட்டித் திணித்தால் பஞ்சு சுவராகிவிடும்; ஒலி உள்ளே நுழையாமல் அப்படியே வெளியே போகும். அமைதியாக இருக்கட்டும் என்று அழுத்தித் திணித்த சைலன்சர் முன்பைவிடச் சத்தம் போடுவது இதனால்தான்.

குழாயை ஒட்டி முதலில் 5 மி.மீ. அளவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் சுற்ற வேண்டும். புகையின் அடி நேராகப் பஞ்சில் படாமல் அது காக்கும். அதற்கு மேல் பஞ்சு. வீட்டுக் கூரைக்குப் போடும் பஞ்சு வேண்டாம். இழை குட்டை, அதிலுள்ள பசை எரிந்ததும் தூளாகிப் பின்னால் பறந்துவிடும். ஃபைபர் கிளாஸ் கடைகளில் கிடைக்கும் சாப்டு மேட்டுக்கும் (குட்டையாக நறுக்கிய இழை விரிப்பு) இதே கதி. நெய்த ரோவிங் (நீள இழைக் கற்றைகளில் நெய்தது) அல்லது சைலன்சருக்கென்றே விற்கும் நீள இழை மட்டும்.

சுற்றிய உருளையைக் கூட்டுக்குள் நுழைப்பதுதான் எரிச்சலான இடம். விளிம்பில் மாட்டிப் பஞ்சு பின்னால் குவியும், முன்னால் இடம் காலியாகும். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை உருளைமேல் சுற்றி, பஞ்சு சுற்றிய திசையிலேயே திருகிக்கொண்டு உள்ளே தள்ள வேண்டும். எதிர்த்திசையில் திருகினால் அவிழ்ந்துகொள்ளும். முழுக்கப் போனதும் பஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஷீட்டை உருவி எடுத்துவிடலாம். கட்டிவைக்க மாஸ்கிங் டேப் போதும், முதல் ஓட்டத்திலேயே எரிந்துவிடும். பிறகு கேப்பில் ஹை டெம்பரேச்சர் சிலிக்கோன் மெல்லிசாக, அலுமினிய ரிவெட், ஒரு நாள் காய விட வேண்டும்.

மாட்டியபின் கசிவுச் சோதனை: ஐடிலில் தடித்த துணியால் வால் முனையை அடைத்தால் இன்ஜின் உடனே திணறி நிற்க வேண்டும். நிற்காமல் எங்காவது ‘உஸ்’ என்றால் அந்த ஜாயின்ட்டில் ஓ-ரிங் போயிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஜாயின்ட்டில் கறுப்பு எண்ணெய் வழிவதும் இதே அடையாளம். இதெல்லாம் சரியான பிறகுதான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். அடைத்த பைப்புக்கு ஏற்ப வைத்த பைலட் ஜெட் (ஐடிலிலும் குறைந்த ரெவ்விலும் பெட்ரோல் விடும் சின்னத் துளை), திறந்த பைப்புக்கு ஒத்துவராமல் போகலாம். ஒரு தடவைக்கு ஒரு சைஸ் மட்டும்.

அப்படியானால் வெளி எக்ஸாஸ்ட் யாருக்கு? எடைக்காக டைட்டானியம் பெண்ட் பைப் வாங்குவதில் அர்த்தம் உண்டு. அடர்த்தி 4.5, எஃகுக்கு 7.85, அதே கனத்தில் ஒரு கிலோ எஃகுக் குழாய் சுமார் 570 கிராமாகும். ஆனால் 70 கிலோ வண்டியில் அந்த 430 கிராமை உணர, ஓட்டுபவர் அந்த அளவுக்குத் தேறியிருக்க வேண்டும். எண்ணெய் குடித்த பஞ்சை எடுத்தாலே உயரத்திலும் பின்னாலும் கணிசமான எடை குறையும், அதுவும் கிட்டத்தட்ட இலவசமாக. புல்டாகோ ஷெர்ப்பா, ஓசா மாதிரி பழைய ட்வின் ஷாக் (பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர்) வண்டியில் ஒரிஜினல் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் கேள்வியே இல்லை, அலுமினியச் சைலன்சர் வாங்கிவிடலாம். பாறையில் நசுங்கி மடிந்த பெண்ட் பைப்பும் அப்படியே. ஃபோர் ஸ்ட்ரோக்கில், குறிப்பாக ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு 2005-இல் வந்த மொன்டெசா கோட்டா 4ஆர்டி போன்றவற்றில், பைப் அகலமானால் புகையின் வேகம் குறைந்து அடி இழுவை குறையலாம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் பட் பட் என வெடிக்கலாம். மேப் (எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இன்ஜெக்டருக்குச் சொல்லும் அமைப்பு) மாற்ற வழியில்லாமல் அதைத் தொட வேண்டாம்.

மிட் பாக்ஸ் இன்னும் பாக்கி. முழுக்க வெல்டு செய்த பெட்டி. கீழ்ப்பக்கம் ஜன்னல் வெட்டிப் பஞ்சு மாற்றி, ஆர்கான் வெல்டிங்கில் மூடுவது வழக்கம். எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் வெல்டு ஓட்டை ஓட்டையாக வரும். உள்பக்கம் கழுவிச் சுட்டு எடுத்தாலும் மடிப்புகளில் இருக்கும் எண்ணெய் சூட்டில் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் திட்டம் வேறு: வெட்டிய ஜன்னலை விடச் சுற்றிலும் 12 மி.மீ. பெரிதாக 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, இடையில் சிலிக்கோன், 25 மி.மீ.க்கு ஒரு ரிவெட். அடுத்த தடவை பஞ்சு மாற்ற ரிவெட்டை எடுத்தால் போதும். ஜன்னலை எங்கே வெட்டுவது என்பதுதான் பாக்கி யோசனை. உள்ளே தடுப்புத் தகடு எந்த இடத்தில் ஓடுகிறது என்று தட்டிப் பார்த்துக் குறித்த பிறகே கட்டர் வைக்க வேண்டும்.