அதில் பொய் என்ன இருக்கிறது?

"அதில் பொய் என்ன இருக்கிறது, சொல்லு" என்று எங்கள் நர்சிங் ஹோமில் இருக்கும் ஓர் அம்மா கேட்டார். நான் சொன்ன பதில் இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அயர்லாந்தில் 2024 மார்ச் 8 பொதுவாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு நடந்தது. வாக்குச்சாவடிக்குப் போக முடியாமல் சிறப்பு வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களிடம் அதிகாரி ஒருவர் கார்டாவோடு, அதாவது ஐரிஷ் போலீஸோடு, வந்து வாக்கு வாங்கிப் போவார். அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கல். விளக்கப் புத்தகத்தைப் படித்துக்காட்டச் சொன்னார், படித்தேன்.

நீக்கிவிட்டு வேறு வரி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தது 1937 அரசமைப்பின் 41.2 பிரிவை. அது சொல்வது இதுதான்: வீட்டில் பெண் வாழும் வாழ்க்கை நாட்டுக்குத் தரும் ஆதரவு இல்லாமல் பொதுநன்மை இல்லை. பணமுடையால் தாய்மார் வீட்டுக் கடமையை விட்டு வேலைக்குப் போக நேராமல் பார்த்துக்கொள்ள அரசு முயலும். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"கல்யாணம் ஆனதும் உங்களைத் தபால் ஆபீஸ் வேலையிலிருந்து அனுப்பினார்களே, அதே நினைப்பில் எழுதியதுதானே இதுவும்?" என்றேன்.

"அந்த விதி இதற்கும் முந்தியது. 1973 வரைக்கும் இருந்தது, அப்புறம் போய்விட்டது, போகட்டும். நான் ஆறு பிள்ளை வளர்த்தேன். அதற்கு மதிப்பு உண்டு என்று இந்த நாடு எழுதிவைத்திருப்பது இந்த ஓர் இடத்தில்தான். அதையும் அழிக்கணுமா?"

படித்துக்காட்டுவதுதான் என் வேலை, வாதாடுவது இல்லை. ஆனால் கேட்டது அவர். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நீட்டிவிட்டு வருவது மரியாதையா? அதுவும் தெரியவில்லை.

அயர்லாந்தின் மாற்றத்தை நான் மாடிப்படி மாதிரிதான் மனதில் வைத்திருந்தேன். 1986இல் விவாகரத்து வேண்டாம் என்றார்கள். 1995இல் சுமார் 9,000 வாக்கு வித்தியாசத்தில் சரி என்றார்கள். 2015இல் ஒருபாலினத் திருமணத்துக்கு 62 சதவீதம் ஆதரவு. 2018இல் கருக்கலைப்புத் தடையையும் நீக்கினார்கள். அந்த அம்மா 2015இல் 'ஆம்' போட்டவர், ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொல்வார். அப்படிப்பட்டவர் இதற்கு 'இல்லை' என்றதும் கீழே இறங்குகிறாரோ என்று தோன்றிவிட்டது.

முடிவு வந்தபோது 73.9 சதவீதம் 'இல்லை'. என்னோடு டியூட்டி பார்க்கும் ஐரிஷ் பெண்ணும் அதையே போட்டிருக்கிறாள், ஆனால் வேறு காரணத்துக்காக. குடும்பத்துக்குள் ஒருவரையொருவர் பராமரிப்பதற்குத் துணைநிற்க அரசு 'முயலும்' என்றுதான் புதிய வரியிலும் இருந்தது. "பழையதிலும் முயலும், இதிலும் முயலும். எப்போதுதான் செய்வார்கள்?" என்றாள். அவளுக்கு ஊனமுற்ற தம்பி உண்டு.

நம் ஊரில் இதைப் பெண்களிடம் கேட்டா முடிவு செய்தார்கள்? வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து, அந்தப் பணியிலேயே இருந்த சி.பி. முத்தம்மா வழக்குப் போட்டார். 1979இல் உச்சநீதிமன்றம் அந்த விதியைக் கண்டித்தது. நல்லதுதான். ஆனால் வீட்டில் செய்ததற்கு என்ன எழுதிவைக்கலாம் என்று என் அம்மாவிடம் யாரும் ஒரு சீட்டு நீட்டியதில்லை. நான் வாக்களிக்கப் போன நேரத்தில் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான், ஊரிலிருந்து வந்து.

நான் 'ஆம்' என்றுதான் போட்டேன். மறுபடி வந்தாலும் அதையேதான் போடுவேன் என்று நினைக்கிறேன். ஏன் என்று கேட்டால், அன்றைக்குச் சொன்னதைவிட நல்ல பதில் இன்னும் கைவசம் இல்லை.