வேலிக்கு வைத்த களா காய்க்கத் தொடங்கிவிட்டது

புதுக்கோட்டைப் பக்கம் எங்களுடையது செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். கம்பிவேலிக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, மேற்கு எல்லையில் உயிர்வேலியாகக் களா வைத்தோம். சில வருடம் வெறும் முள்ளாக நின்றது, இந்தக் கோடையில்தான் கூடை கூடையாகக் காய் கொடுத்தது. இதுவரை பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

களா விதைக்கு ஆயுள் குறைவு. பழத்திலிருந்து எடுத்த கையோடு சதையைக் கழுவி, நிழலில் ஈரம் வற்றியதும் ஊன்றிவிட வேண்டும். ஆடியில் பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, மணலும் மக்கிய சாணமும் கலந்த பைகளில் போட்டதில் பெரும்பாலானவை முளைத்தன. அதே விதையில் கொஞ்சத்தை டப்பாவில் வைத்திருந்து தை மாதம் போட்டுப் பார்த்தேன். ஒன்றிரண்டுதான் தலைகாட்டியது. குச்சி வெட்டி நட்டால் லேசில் வேர் பிடிக்காது. நர்சரிக்காரர்கள் விண்பதியம் போட்டு, அதாவது செடியில் இருக்கும் கிளையிலேயே பட்டையைச் சீவி ஈரம் கட்டி வேர்விட வைத்துத்தான், கன்று எடுக்கிறார்கள்.

விதைக் கன்றில் செடிக்குச் செடி காய் மாறும். ஒரே மாதிரி காய் வேண்டும் என்றால் ரகம் பார்த்துப் பதியன் கன்று வாங்குவது நல்லது. மகாராஷ்டிரத்தின் தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் தந்த கொங்கண் போல்ட், உத்தரகண்டில் பந்த்நகர் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன் எல்லாம் உண்டு. பந்த் மனோகர் காய் வெள்ளையில் அடர் இளஞ்சிவப்புப் படர்ந்து பார்க்கவே அழகாக இருக்கும். வேலிக்கு மட்டும் என்றால் விதைக் கன்றே போதும்.

ஐப்பசி மழையோடு 3 அடிக்கு ஒன்றாக நட்டோம். முதல் இரண்டு கோடையில்தான் கவனிப்பு தேவை. வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். இளந்துளிரை ஆடு விடாது. அதனால் கன்றைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டோம். அப்புறம் இரட்டை இரட்டையாக முள் முற்றிவிட்டால் ஆடு என்ன, நாமே பக்கத்தில் போக யோசிப்போம். வறட்சியைத் தாங்கும் செடி, தேங்கும் தண்ணீரைத் தாங்காது. வரப்போரப் பள்ளத்தில் இருந்தவை அடைமழையில் வேர் அழுகிப் போயின. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

மாசியில் பூத்தது. வெள்ளைப் பூ, மல்லிகைச் சாயல், மொட்டில் லேசாக ரோஜா நிறம். சாயங்காலம் வேலிப்பக்கம் நடந்தால் வாசம் தூக்கும். தண்ணீர்த் தொட்டி ஓரம் எப்போதும் ஈரத்தில் நிற்கும் செடி இலையாகத் தழைத்ததே தவிர பூ குறைவு. காய்ந்து கிடந்த தெற்குக் கோடியில்தான் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூ கிளை நுனியில் வருவதால், வேலியை ஒழுங்குபடுத்துவதைக் காய்ப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் அழகு பார்த்து வெட்டினால் அந்த வருடக் காய் அதோடு போச்சு.

களாவும் அரளியும் ஒரே குடும்பம், காம்பைக் கிள்ளினால் பால் கொட்டும். அந்தப் பால் கையிலும் கத்தியிலும் கோந்தாக ஒட்டிக்கொள்ளும். கையில் எண்ணெய் தடவி, காயை இரண்டாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டு உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் தொல்லை குறைவு. சமையலறை வேலையில் இதுதான் கஷ்டமே. ஊறுகாய் போடுவது சுலபம்: உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், தாராளமாக நல்லெண்ணெய். காயின் புளிப்பே போதும், எலுமிச்சை வேண்டாம். எங்கள் அத்தை வடித்த கஞ்சிச் சோற்றுக்கு இதைத் தவிர வேறு எதையும் இப்போது தொடுவதில்லை.

அரைப்பழத்தில் ஜெல்லி செய்து பார்த்தோம். பெக்டின் நிறைய இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமலே உறைந்தது, நிறமும் நல்ல சிவப்பு. பேக்கரி கேக்கின் மேல் 'செர்ரி' என்று வைக்கிறார்களே, அது பல இடங்களில் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய களாக்காய்தான். சாயத்துக்குப் பதில் பீட்ரூட் சாறு விட்டு அதையும் செய்தோம். ருசி சரி, நிறம்தான் காயக் காயப் பழுப்பேறியது. பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை, டப்பா காலி.

மரத்திலேயே கறுத்துப் பழுத்ததைச் சும்மா தின்னலாம். இனிப்பும் புளிப்புமாக, நாக்கில் கொஞ்சம் பிசுபிசுப்போடு. ஆனால் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் மிஞ்சினால்தான். தெற்குக் கோடியில் ஒரு செடி மட்டும் மற்றதைவிடப் பெரிய காயாகக் கொடுத்தது. மழை பிடித்ததும் அதில் விண்பதியம் போட்டு, பள்ளத்தில் காலியாக விட்ட இடத்தை மண் உயர்த்தி நடப் போகிறேன்.