மெல்லிய கம்பியின் இழுவிசையை அளந்த விதம்

ஓசூரில் ரிலே எனும் மின்காந்த சுவிட்சுகளுக்குக் காயில் (கம்பிச்சுருள்) சுற்றும் சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் எனாமல் (மின்காப்புப் பூச்சு) பூசிய செம்புக் கம்பியின் விட்டம் 0.05 மில்லிமீட்டர். 20 கிராம் இழுவையில் சுற்ற வேண்டும். இழுவை கூடினால் கம்பி உடனே அறுவதில்லை, நீண்டுவிடுகிறது. ஒரு சதவீதம் நீண்டாலே மின்தடை ஏறக்குறைய இரண்டு சதவீதம் ஏறும். அப்படி ஏறிய காயில்கள் திரும்பி வரத் தொடங்கின.

பட்டறையில் இருந்த இழுவை மீட்டரை வைத்துப் பார்த்தோம்; அது மூன்று உருளைகளுக்கு இடையே கம்பியை வளைத்து இழுவையை அளக்கும். பிடிக்கும் கோணம் மாறினால் எண்ணும் மாறியது. இவ்வளவு மெல்லிய கம்பியில் உருளையின் உராய்வே அளவோடு கலந்துவிடுகிறது. கம்பியை வளைக்காமல் அளக்க வேண்டும்.

பள்ளி ஆய்வகத்துச் சுரமானி (இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை ஆராயும் கருவி) நினைவுக்கு வந்தது. கம்பியின் நீளமும் எடையும் தெரிந்தால், அது அதிரும் அதிர்வெண்ணே இழுவிசையைச் சொல்லிவிடும்; பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட விதி. நகைக்கடைத் தராசில் பத்து மீட்டர் கம்பி 186 மில்லிகிராம் இருந்தது. 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 20 கிராம் இழுவையில் 205 ஹெர்ட்ஸ் வர வேண்டும்.

ஆனால் இந்தக் கம்பியைச் சுண்டினால் காதுக்கு எதுவும் கேட்காது. எஃகுக் கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் கிதார் பிக்கப்பும், காந்தம் ஈர்க்காத செம்பு என்பதால், உதவாது. கம்பியின் நடுவில், அதைத் தொடாமல், ஒரு காந்தத்தை வைத்தோம். காந்தப்புலத்தில் அதிரும் கம்பியிலேயே மின்னழுத்தம் பிறக்கிறது, மில்லிவோல்ட் அளவுதான். இரு முனைகளிலும் எனாமலைச் சுரண்டி, பெருக்கி வழியாக அலைகாட்டியில் (மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) இணைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டினோம். திரையில் அலை எழுந்து சீராகத் தேய்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது.

நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டுமே. கப்பி வைத்தால் அதன் உராய்வும் சேரும். அதனால் கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 20 கிராம் எடையைக் கட்டினோம். கம்பியின் எடை ஐந்து மில்லிகிராம்கூட இல்லை. எடைக்கல் அசையாத முனையாகவே நிற்கும். கணக்கும் அளவும் ஒத்துப்போயின.

பிறகு எந்திரத்தை நிறுத்தி, எந்திரத்தின் கடைசி உருளைக்கும், காயில் சுற்றப்படும் பாபினுக்கும் இடையிலான 25 சென்டிமீட்டர் கம்பியில் அளந்தோம். 243 ஹெர்ட்ஸ்! இழுவை அதிர்வெண்ணின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அது 28 கிராம். கம்பியைப் பிடிக்கும் ஃபெல்ட் துண்டில் எனாமல் தூசி படிந்து இறுகியிருந்தது. அதை மாற்றியதும் 206-க்கு இறங்கியது.

எந்திரம் ஓடும்போது இழுவை இன்னும் சற்று ஏறி இறங்கும். அது இந்த முறையில் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு புதிய கம்பிச் சுருளை மாட்டும்போதும் இப்படி அளந்த பிறகே சுற்ற ஆரம்பிக்கிறோம்.