பல்லேடியம் ஒரு மிளகளவு, சூடு ஒரு மின் நிலையத்தளவு

சென்னையில் நாலு பேர் சேர்ந்து 'அயர்ன் மேன்' பற்றிப் பேச ஆரம்பித்தால், பத்து நிமிடத்தில் பேச்சு அந்தக் குகைக்குள் போய்விடும். 2008-ல் வந்த முதல் படம்தான் எப்போதும் விசாரணைக் கூண்டில் நிற்கும். கடத்தப்பட்ட ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க், குகைக்குள் ஏவுகணைகளைப் பிரித்து, நெஞ்சில் வைக்கும் குட்டி ரியாக்டரும் பறக்கும் கவசமும் செய்து தப்பிக்கும் படம் அது.

"மச்சி, ஏவுகணைய பிரிச்சு, கரி அடுப்புல உருக்கி, நெஞ்சுல ரியாக்டர் வெச்சுக்குவானாம். காதுல பூ."

"டேய், அவன் எம்ஐடில படிச்சவன்டா."

"எந்த எம்ஐடி? குரோம்பேட்டையா?"

இதோடு விவாதம் முடிந்தது, மீதி எல்லாம் சத்தம். (எண்ட்கேம் தமிழ் டப்பிங்கில் விஜய் சேதுபதி குரல் பொருந்தியதா என்ற 2019-ஆம் வருடத்துச் சண்டை தனி. அதை இங்கே தொடவில்லை.)

இரண்டு கட்சியும் தப்பான இடத்தில் மோதுகிறது. உள்ளங்கை அளவு ரியாக்டர் என்பது கதைக்காரர் நம்மிடம் கேட்கும் ஒரே கடன். அதைக் கொடுத்துவிடலாம். கொடுத்த பிறகு மற்றதெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நியாயமான ஆட்டம். அப்படிப் பார்த்தால், எல்லோரும் சிரிக்கும் குகைக் காட்சி பெரும்பாலும் தேறிவிடுகிறது. யாரும் கேள்வி கேட்காத பறக்கும் காட்சிகள்தான் உதைக்கின்றன.

முதலில், ரியாக்டருக்கு வேண்டிய பல்லேடியம் என்ற உலோகம். ஒரு ஏவுகணையிலிருந்து 0.15 கிராம் எடுத்துக் காட்டி, குறைந்தது 1.6 கிராம் வேண்டும், மீதி 11-ஐயும் பிரி என்கிறான் டோனி ஸ்டார்க். மொத்தம் 12 ஏவுகணை, 1.8 கிராம். சேதாரம் போக 1.6 தேறும். நகைக்கடையில் சேதாரம் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். பல்லேடியத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 12 மடங்கு. ஆக 1.6 கிராம் என்பது பருத்த மிளகு ஒன்றின் அளவு. நம்ம ஊரில் வேண்டுமென்றால் ஏவுகணை தேவையில்லை. புதுப்பேட்டையில் பிரித்துப் போடும் பழைய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலேயே பல்லேடியம் இருக்கிறது. பீங்கான் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சாக இருப்பதால் சுரண்டி எடுக்க முடியாது, அமிலத்தில் கரைத்துப் பிரிக்க வேண்டும். அந்தப் புகை விஷம், வீட்டில் செய்யும் வேலை இல்லை.

உருக்குவதுதான் நுணுக்கமான இடம். தங்கம் உருகுவது 1064 டிகிரியில், பல்லேடியம் 1555-ல். சவுக்கார்பேட்டைப் பட்டறையில் தங்கத்தை உருக்குகிற கரியும் ஊதுகுழலும் இதற்குப் பற்றாது. கேஸோடு ஆக்சிஜனும் சேர்ந்த சுடர் வேண்டும். அதிலும் ஆக்சிஜன் தூக்கலாக இருக்க வேண்டும். ஏனென்றால் சூடான பல்லேடியம் ஹைட்ரஜனைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். ஆறும்போது அது வெளியே வந்து உலோகம் பொரியும், ஓட்டை விழும். உலோகத்தை உருக்கும் கிண்ணமான மூசையும் கிராஃபைட்டில் இருக்கக் கூடாது. கார்பன் ஏறினால் உலோகம் நொறுங்கும். சிலிக்கா மூசை சரி.

படத்தில் உண்மையான தப்பு அடுத்த நொடியில் வருகிறது. உருகியதை, குகையில் கூட இருக்கும் கைதி யின்சென் வளைய அச்சில் ஊற்றுகிறார், கை நடுங்காமல். வளையம் 5 செ.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், 1.6 கிராம் உலோகம் 1 மி.மீ. தடிமனுக்குத்தான் வரும். அவ்வளவு மெல்லிய பள்ளத்தில் ஊற்றினால் பாதிச் சுற்று போவதற்குள் உறைந்துவிடும், இரு முனையும் சேராது. அச்சை நன்றாகச் சுட வைத்தாலும் சந்தேகம்தான். நம்ம ஆசாரி என்ன செய்வார்? சின்னக் கட்டியாக வார்த்து, தட்டி, துளைத்தகட்டில் இழுத்துக் கம்பியாக்கி, வளைத்து, பற்றவைப்பார். மெதுவான வேலை, ஆனால் தோற்காது. ஜீனியஸை விட ஆசாரிக்கு ஒரு மார்க் கூடப் போடலாம்.

அடுத்து சக்தி. ரியாக்டர் நொடிக்கு 3 ஜிகாஜூல் தரும் என்கிறான் ஸ்டார்க், அதாவது 3000 மெகாவாட். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டமும் சேர்ந்து 1830 மெகாவாட். கல்பாக்கத்தின் இரண்டு உலையும் 440. வட சென்னை மூன்றாம் கட்டத்தின் 800-ஐயும் கூட்டினால்தான் 3070 வருகிறது. அத்தனையும் ஒருத்தன் நெஞ்சில்.

பறக்க இவ்வளவு வேண்டுமா? வேண்டாம், அதுதான் வேடிக்கை. ஆளும் கவசமும் சேர்ந்து 150 கிலோ, இரண்டு கை இரண்டு கால் என 8 செ.மீ. வாய் உள்ள நாலு குழாய் என்று வைத்துப் பாருங்கள். காற்றை நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கீழே தள்ளினால் அந்தரத்தில் நிற்கலாம். செலவு சுமார் 190 கிலோவாட். நிஜத்தில் இழப்புகள் அதிகம்: பிரிட்டனில் ரிச்சர்ட் பிரவுனிங் குட்டி ஜெட் என்ஜின்களைக் கையிலும் முதுகிலும் கட்டிப் பறக்கிறாரே, அந்த உடைக்கு 1000 குதிரைத்திறனுக்கு மேல், அதாவது 750 கிலோவாட் தாண்டி ஆகிறது. 2019-ல் அவர் தொட்ட வேகம் மணிக்கு 136 கி.மீ. அப்படியே பார்த்தாலும் ஸ்டார்க்கின் ரியாக்டர் தேவையைப் போல 4000 மடங்கு பெரியது.

அதனால் "சக்தி எங்கிருந்து வருது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "சூடு எங்கே போகுது?" என்று கேளுங்கள். எந்த இயந்திரமும் கொஞ்சத்தை வெப்பமாக வீணாக்கும். 99 சதவீதம் திறன் என்று தாராளமாகக் கொடுத்தாலும், முழு வேகத்தில் ஓடும்போது மிச்சம் 1 சதவீதம் 30 மெகாவாட். நொடிக்கு 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் சூடு அது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேன் இரண்டு நொடிக்குள் காலி. "முழுசா ஓட்ட மாட்டான், பறக்கிறதுக்கு மட்டும்தானே" என்று ரசிகர் தரப்பு சொல்லும். சரி, 190 கிலோவாட்டுக்கு 1 சதவீதம் 1.9 கிலோவாட். சட்டைக்குள் இரண்டு இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்த கணக்கு. சித்திரை வெயிலில் தி.நகரில் ஹெல்மெட் போட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது பனிக்கட்டிக் காட்சிக்கு வாருங்கள். உயரே போனதும் கவசத்தில் பனி படிந்து எல்லாம் அணைந்துபோகிறது. திரும்பி வந்து, தங்கம் கலந்த டைட்டானியத்துக்கு மாற்றிச் சரி செய்கிறான். அத்தனை சூட்டை உள்ளே வைத்துக்கொண்டிருப்பவன் மேல் பனி எப்படிப் படியும்? விமான இறக்கையில் பனி படியாமல் இருக்க, என்ஜினின் சூடான காற்றைத் திருப்பிவிடுகிறார்கள், அல்லது மின்சாரத்தில் சூடாக்குகிறார்கள். கலப்புலோகத்தை மாற்றினால் பனி வராது என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். அதோடு அவன் முறியடிக்கப் பார்க்கும் சாதனை 85,000 அடி, கிட்டத்தட்ட 26 கி.மீ. அந்த உயரத்தில் காற்றில் படிவதற்கு ஈரமே அநேகமாக இல்லை. பனி பிடிக்கிற இடம் அதற்கு வெகு கீழே, மேகங்களுக்குள். படத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஏனோ இதைப் பற்றிச் சண்டையே வருவதில்லை.

கீழே விழும் அதிர்ச்சி இன்னொன்று. முதல் கவசத்தோடு பாலைவனத்தில் விழுகிறான். வேகம் மணிக்கு 108 கி.மீ. என்று வைப்போம். கவசத்துக்குள் 10 செ.மீ. இடைவெளியில் உடல் நின்றால் 450 ஜி-க்கு மேல், அதாவது நம் எடையைப் போல 450 மடங்கு விசை. ஆள் காலி, கவசத்தில் கீறல் இல்லாவிட்டாலும். ஆனால் மணல் ஒரு மீட்டர் உள்வாங்கினால் 46 ஜி. 1954-ல் அமெரிக்க விமானப்படை டாக்டர் ஜான் ஸ்டாப் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு தாங்கிய அளவு 46.2 ஜி. கண்ணில் ரத்தம் கட்டியது, ஆனால் பிழைத்தார். ஆக அந்த விழுகை மட்டும் மணல் தயவில் மயிரிழையில் பாஸ். பிந்தைய படங்களில் தார்ச் சாலையில் விழும் எதுவும் பாஸ் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் அவனைக் கண்டுபிடிப்பாளன் என்று ஒப்புக்கொள்ள வைப்பது பட்டறைக் காட்சிதான். பறக்க வைக்கும் பூட்ஸை 10 சதவீத உந்துதலில் சோதனை செய்து சுவரில் மோதுகிறான். பிறகு 11-ஆம் நாள், 37-ஆவது சோதனையில் 1 சதவீதம், அப்புறம் 2.5 சதவீதத்தில் நிலையாக நிற்கிறான். படம் கொடுக்கும் எண்களே கணக்குப் போட விடுகின்றன. 2.5 சதவீதம் அவன் எடையைத் தாங்குகிறது என்றால், 10 சதவீதம் எடையைப் போல நாலு மடங்கு. மூன்று மீட்டர் போவதற்குள் மணிக்கு 48 கி.மீ. வேகம் வந்துவிடும். எலும்பு முறிய அது போதும்.

ஆனால் இங்கே அவன் செய்த தப்பு கணக்கில் இல்லை, வரிசையில். பூட்ஸைக் காலில் மாட்டுவதற்கு முன் தரையில் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் எடை உணரி வைத்து, 1 சதவீதத்திலிருந்து ஏற்றி அளந்திருக்க வேண்டும். மகேந்திரகிரியில் இஸ்ரோ என்ஜின்களை அப்படித்தான் தாங்கியில் கட்டி எரிய விட்டுப் பார்க்கிறது. காலில் மாட்டிக்கொண்டு அளப்பது ஜீனியஸ் வேலை இல்லை, அவசரக் குடுக்கை வேலை.

விவாதத்தில் சேராத மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் நடந்த காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா மாதிரி இடங்களுக்கு நெஞ்சில் விளக்கோடு வருகிறவர்கள். அந்த விளக்குக்கு வேண்டியது ரிச்சி தெருவிலேயே கிடைக்கும்: 5 மி.மீ. வெள்ளை எல்இடி 10, 100 ஓம் ரெசிஸ்டர் 10, ஒரு பழைய யுஎஸ்பி வயர். விளக்கின் கூட்டுக்கு, குழாய்களை இணைக்கும் 3 இஞ்ச் பிவிசி கப்ளரை 2 செ.மீ. உயரத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். வைண்டிங் கடையில் 22 கேஜ் எனாமல் காப்பர் வயர் கொஞ்சம் வாங்கி, வளையத்தில் பத்து இடத்தில் நெருக்கமாகச் சுற்றினால் அசல் சாயல் வரும். அது அலங்காரம்தான், கரண்ட் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் கட்டாயம். பத்துக்கும் சேர்த்து ஒன்றே போட்டால், கொஞ்சம் குறைந்த வோல்டேஜில் எரியும் எல்இடி எல்லாக் கரண்டையும் இழுத்துக்கொண்டு முதலில் போகும், அப்புறம் அடுத்தது. 5 வோல்ட்டில் 100 ஓம் போட்டால் ஒன்றுக்கு 18 மில்லி ஆம்பியர், மொத்தம் 180. இதைவிட ரொம்பக் குறைத்தால் இன்னொரு தொல்லை: பல பவர் பேங்க்குகள், எதுவும் சார்ஜ் ஆகவில்லை என்று நினைத்து அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும். பவர் பேங்க்கைப் பேன்ட் பாக்கெட்டில் வையுங்கள். மூடியில்லாத லித்தியம் செல்லை நெஞ்சில் வேர்வையோடு வைக்கவே கூடாது.

முன்பக்கம் 3 மி.மீ. பால் நிற அக்ரிலிக். சூப்பர் க்ளூ போட்டால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும், சென்னை ஈரப்பதத்தில் இன்னும் மோசம். ஹாட் க்ளூ ஒட்டும், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவந்தால் இளகிவிடும். மூன்று சின்ன ஸ்க்ரூ போட்டு முடுக்குவது உத்தமம். நெஞ்சில் டபுள் சைட் டேப் ஒரு மணி நேரம்கூட நிற்காது. எலாஸ்டிக் பட்டை, முதுகில் குறுக்காக.

போட்டோவில் விளக்கு வெறும் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். 100-க்குப் பதில் 150 ஓம் போடுங்கள். மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி தனி டிம்மர் போர்டு வாங்கி மாட்டாதீர்கள். மலிவான போர்டுகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் நெஞ்சு முழுக்கக் கறுப்புக் கோடு ஓடும்.