மூன்று மணிச் சர்க்கரைத் தண்ணீர்

முந்தாநாள் ராத்திரி 3 மணிக்கு வேர்த்துக் கொட்டி விழித்தேன். ரத்தச் சர்க்கரை மீட்டரில் 54, ரொம்பக் குறைவு. தட்டுத்தடுமாறி மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன். 92. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. விழிக்காமலே போயிருந்தால் என்ற நினைப்பு.

டைப் 1 சர்க்கரை நோய் எனக்கு 11 வயதில் வந்தது. 19 வருஷமாக நாளுக்கு நாலு இன்சுலின் ஊசி. வலி பழகிவிட்டது. பந்தியில் "சின்ன வயசுல ரொம்ப மிட்டாய் தின்னியோ?" என்று கேட்பதுதான் பழகவில்லை. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது, மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பாயசம் ஆறுவதற்குள் விளக்க முடியுமா? "ஆமா அத்தை" என்று சொல்லிவிட்டு, கணக்குப் போட்டு ஊசி குத்திக்கொண்டு அந்தப் பாயசத்தையும் குடிக்கிறேன்.

1922க்கு முன்னால் இன்சுலின் ஊசியே கிடையாது. அதை நினைத்துத் தேற்றிக்கொள்ளும் நாளும் உண்டு. எதுவும் தேற்றாத நாளும் உண்டு. போன மாசம் இரண்டு நாள் மீட்டரைத் தொடவேயில்லை. ஊசி மட்டும், குருட்டாம்போக்கில். டாக்டரிடம் பயந்துகொண்டே சொன்னேன். திட்டவில்லை. இந்தச் சலிப்புக்கு 'டயபடிஸ் டிஸ்ட்ரெஸ்' என்று பெயரே இருக்கிறதாம்.

இப்போது நோட்டில் 300 வந்தாலும் அப்படியே எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் 260ஐ 160 ஆக்கிய கை இது.